தேயும் சக்கரமும் தேய்மானக் கணக்கும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்ற உமணர்கள், வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவது வழக்கம் என்று புறநானூற்றால் அறிகிறோம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் நெடுவழியில் எந்த இடத்தில் அச்சு முறியும் என்பதை எவரும் அறியார். ஆனால் என்றேனும் ஒருநாள் முறியும் என்பதை அவ்வணிகர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாராட்ட விரும்பியபோது, அவனை அந்தச் சேம அச்சுக்கே ஒப்பிட்டார். இடுக்கண் வருமுன் செய்துகொள்ளும் ஏற்பாட்டை நம் முன்னோர் எவ்வளவு மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

இன்று நம் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவற்றுக்குச் சொந்தமாக லாரி உண்டு. சிலவற்றுக்கு டிராக்டரும் இழுவைப் பெட்டியும் உண்டு. நெசவாளர் சங்கங்களிற் சில, நூல் கட்டுகளைக் கொண்டு வரவும் நெய்த துணியை அனுப்பவும் சிறு சரக்கு வாகனம் வைத்திருக்கின்றன. வாங்கும்போது மாலை சூட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதன் பிறகு அந்தச் சக்கரத்தை யார் குனிந்து பார்க்கிறார்? தேய்ந்த சக்கரத்தை எப்போது செப்பனிடுவது, எப்போது மாற்றுவது, அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்னும் மூன்று கேள்விகளையும் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரச் சக்கரம் கற்பிக்கும் பாடம்

மாட்டு வண்டிகள் இன்று அருகிவிட்டன. எஞ்சியுள்ளவற்றிலும் பல, டயர் வண்டிகளாக மாறிவிட்டன. ஆயினும் சக்கரத்தைப் பற்றிய முதற்பாடத்தை மரச் சக்கரத்தினிடம் கற்பதே நலம்.

நடுவில் குடம், குடத்தில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து வட்டமாக்கும் வட்டைகள், எல்லாவற்றையும் சுற்றி இறுகப் பிடிக்கும் இரும்புப் பட்டை. வட்டை ஒன்றுக்கு இரண்டு ஆரக்கால் என்ற கணக்கில், ஆறு வட்டைக்குப் பன்னிரண்டு ஆரக்கால் அமைப்பது பெருவழக்கு. நம் நாட்டில் இவ்வேலைக்குக் கருவேல மரத்தை விரும்பிக் கொள்வர். அது கடினமானது, அடியையும் அதிர்ச்சியையும் தாங்க வல்லது.

இரும்புப் பட்டை சக்கரத்தைப் பற்றி நிற்பது ஆணியின் பலத்தால் அன்று. பட்டையின் உட்சுற்றளவு, சக்கரத்தின் வெளிச்சுற்றளவைவிடச் சிறிது குறைவாகவே அமைக்கப்படும். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு சூடேறினால் விரியும் அன்றோ? ஐந்து அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.79 மீட்டர். அந்த அளவுள்ள பட்டையை 500 டிகிரி சூடேற்றினால் அதன் சுற்றளவு 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், கூடும். அந்த ஓர் அங்குலம் இருக்கும்போதே குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி அமர்த்தி, உடனே தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது, வட்டைகளுக்கு இடையில் விடப்பட்ட இடைவெளிகள் மூடிக்கொள்ளும். ஆரக்கால்கள் குடத்துக்குள் அழுந்தும். அதுவரை பல துண்டுகளாய் இருந்த மரம் ஒரே சக்கரமாகிவிடும்.

கோடை வந்தால் மரம் உலர்ந்து சுருங்கும். இரும்போ அவ்வாறு சுருங்காது, பட்டை தளரும். ஆண்டுக்கணக்கில் சாலையில் உராய்ந்து பட்டையும் மெலியும். அந்நிலையில் சக்கரத்தைக் குளத்தில் கிடத்தி ஊறவைப்போரும், பட்டைக்கும் வட்டைக்கும் இடையே மரச் சிம்புகளை அடித்து இறுக்குவோரும் உண்டு. இவை இரண்டும் சந்தைக்குப் போய்த் திரும்பும் வரை உதவும் தற்காலிக உபாயங்களே. சரியான முறை யாதெனில், பட்டையைக் கழற்றி, வேண்டிய அளவு துண்டு வெட்டியெடுத்து, மீண்டும் காய்ச்சி இணைத்து, முன்போலவே சூடேற்றிப் பூட்டுவதாகும்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்ப் பட்டறையில் இவ்வேலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கிருந்த முதிய ஆசாரி, பட்டையைக் கழற்றியவுடன் தீ மூட்டச் சொல்லமாட்டார். முதலில் ஒவ்வோர் ஆரக்காலையும் சிறு சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்பார். பிறகு குடத்தைத் துடைத்துவிட்டு, ஆரக்கால் செருகிய துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பார். ஒருநாள் ஒரு குடியானவரின் சக்கரத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பட்டைக்குக் காசு தருகிறேன் என்கிறேனே, போட்டுக் கொடுத்தால் என்ன?" என்று அவர் கோபித்துக்கொண்டார். அதற்கு ஆசாரி, "பட்டை போட நான் தயார், மாமா. குடம் பிளந்திருக்கிறதே, அது தாங்காது. பாதி வழியில் மாட்டின் மேல் வண்டி சாய்ந்தால், பட்டைக் கூலியா உங்களுக்குப் பெரிது?" என்று கேட்டார். குடியானவர் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் புதுக் குடத்துக்கு மரம் கொண்டுவந்து போட்டார்.

மேலே பூசுவதற்கும் பூட்டுவதற்கும் முன்னே உள்ளே இருக்கும் உடலைப் பார் என்பதே அந்தப் பட்டறையின் பாடம். இக்காலத்து ரப்பர்ச் சக்கரத்துக்கும் இதுவே விதி.

டயருக்குள் ஒரு துணி

காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அது அப்போது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்த டயரிலிருந்தே அது உலகெங்கும் பரவத் தொடங்கிற்று.

டயர் முழுவதும் ரப்பரே என்று பலர் எண்ணுகின்றனர். நெசவாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே உண்டு. டயரின் உடல் உண்மையில் ஒரு துணியாகும். முறுக்கேற்றிய கயிற்றிழைகளைப் பாவாக நெருக்கி வைத்து, அவை கலையாதிருப்பதற்கு மட்டும் மெல்லிய ஊடையை மிகத் தள்ளித் தள்ளி ஓட்டி நெய்த துணி அது. அதன்மேல் ரப்பரை ஏற்றி, பல அடுக்குகளாகச் சேர்த்து உடலை உருவாக்குகின்றனர். ஆதியில் இதற்குப் பருத்தி இழை பயன்பட்டது. பின்னர் ரேயானும் அதன்பின் நைலானும் வந்தன. ரேடியல் லாரி டயர்களில் எஃகுக் கம்பியே இழையாகிறது. பாரத்தையும் காற்றழுத்தத்தையும் தாங்குவது இந்த உடல்தான். சாலையைத் தொடும் மேற்பட்டை தேய்வதற்கென்றே அமைந்தது. நம் ஓட்டுநர்கள் "பட்டன் தேய்ந்துவிட்டது" என்று சொல்வது இந்த மேற்பட்டையைப் பற்றியதே.

வண்டிச் சக்கரத்துக்குக் குடம் எப்படியோ, டயருக்கு இந்த உடல் அப்படி. பட்டை தேய்ந்தாலும் குடம் நன்றாயிருந்தால் புதுப் பட்டை போடலாம். மேற்பட்டை தேய்ந்தாலும் உடல் பழுதின்றி இருந்தால் புது ரப்பர் ஏற்றலாம். இதனையே ரீட்ரெடிங் என்கிறோம். இத்தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னைத் திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952ஆம் ஆண்டில் இறங்கியது டயர் தயாரிப்பில் அன்று. தேய்ந்த டயர்களின்மேல் ஏற்றும் ரப்பரைத் தயாரிப்பதிலேயே. டயர் செய்யப் புகுந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

ரீட்ரெடிங் பட்டறையில் முதலில் டயரின் உள்ளும் புறமும் சோதிக்கப்படும். பின் எஞ்சிய மேற்பட்டையை இயந்திரத்தால் சீராக அராவி எடுப்பர். ஆணிக் குத்துகளையும் சிறு வெட்டுகளையும் செப்பனிடுவர். பசையும் மெல்லிய இடைப்பட்டையும் வைத்து, மேலே புதிய ரப்பரை ஏற்றி, சூட்டில் வேகவைப்பர். அச்சில் வைத்து வார்க்கும் முறையில் ஏறத்தாழ 150 டிகிரி சூடு வேண்டும். முன்னரே பட்டன் வெட்டி வேகவைத்த பட்டையை ஒட்டும் முறையில் ஏறத்தாழ 100 டிகிரி போதும். சூடும் கந்தகமும் சேர்ந்தால் ரப்பர் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டார். அந்த உண்மையே இன்றுவரை இத்தொழிலின் அடிப்படை.

வேலை எவ்வளவு நேர்த்தியாயினும், உள்ளே இழை அறுந்த டயரை அது காப்பாற்றாது. நைந்த பாவில் நல்ல ஊடை ஓட்டினால் துணி நிற்குமா? வெட்டின் வழியே நீர் புகுந்து எஃகு இழை துருப்பிடித்திருந்தால், புது ரப்பர் அந்தத் துருவை மூடி மறைக்குமேயன்றி மாற்றாது.

நான் குனிந்து பாராத சக்கரம்

2019ஆம் ஆண்டு ஆய்வுக்காக ஒரு விளைபொருள் சங்கத்துக்குச் சென்றேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஆறு சக்கர லாரி ஒன்று அதற்கு இருந்தது. நான் செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இரவில் நகரச் சந்தைக்குப் போகும் வழியில், பின்சக்கரம் ஒன்றின் மேற்பட்டை முழுதாய் உரிந்துபோயிற்று. இணையாக இருந்த சக்கரத்தின்மேல் பாரம் முழுவதும் இறங்கவே, அதுவும் சிறிது தொலைவில் வெடித்தது. ஸ்டெப்னியோ ஏற்கெனவே மொட்டை. அதில் காற்றும் இல்லை. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் நேரவில்லை. மறுநாள் மாலைதான் லாரி நகர்ந்தது. வெயிலில் நின்ற தார்கள் பழுத்துக் கறுத்தன. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதில் நஷ்டப்பட்டவர்கள், ஏக்கர் அரை ஏக்கர் சாகுபடி செய்யும் சிறு அங்கத்தினர்கள்.

தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். டயர் மாற்றுவது பற்றிய பொருள் மூன்று கூட்டங்களில் வந்திருந்தது. மூன்று முறையும் "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்" என்றே எழுதப்பட்டிருந்தது. இடையில் மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்த பட்டறையில் இரண்டு டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றியிருந்தனர். அவற்றின் உடலைச் சோதித்ததற்கு ஒரு சீட்டும் இல்லை. ஓட்டுநரை விசாரித்தேன். "மூன்று தடவை சொன்னேன் ஐயா. லாபம் பிரித்தது போகக் கையில் பணமில்லை என்றார்கள்" என்றார்.

குறையை நிர்வாகக் குழுவின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நான் தப்பித்துக்கொள்ள இயலாது. முந்திய ஆண்டு அதே சங்கத்தின் கணக்குகளைப் பார்த்தவன் நானே. தேய்மானம் என்ற தலைப்பில் தொகை எழுதப்பட்டிருந்தது. சதவீதத்தைப் பெருக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது, குறியிட்டேன். அத்தொகைக்கு ஈடான பணம் வங்கியில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்ற லாரியின் சக்கரத்தைக் குனிந்து பார்க்கவும் இல்லை. அன்று முதல், எந்தச் சங்கத்துக்குப் போனாலும் கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன் வாகனத்தை ஒருமுறை சுற்றி வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

பார்க்க வேண்டியவை

தேய்வு தானே பேசும். படிக்கத் தெரிந்தால் போதும். மேற்பட்டையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, அல்லது பாரம் மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரத்தின் நேர்நிலை தவறியிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் அதிர்வு தாங்கியையோ பேரிங்கையோ சோதிக்க வேண்டும். காரணத்தை நீக்காமல் புது டயர் மாட்டினால், அதுவும் பழைய டயரின் வழியே செல்லும்.

கார், லாரி முதலியவற்றின் பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைதல் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளங்களின் அடியிலேயே உள்ளன. ஆனால் ரீட்ரெடிங் செய்ய எண்ணுவோர் அதுவரை காத்திருத்தல் தகாது. இழை வெளியே தெரியும்வரை ஓட்டிய டயரில் புது ரப்பர் ஏற்றுவது வீண்.

உடலில் வீக்கம், பக்கச் சுவரில் ஆழ்ந்த வெட்டு, விளிம்புக் கம்பி முறிவு, காற்றின்றி ஓடியதால் உட்புறம் கசங்கிய தடம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த டயரை மாற்றுவதே முறை. டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் காணும் நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 1519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரம். புது ரப்பர் ஏற்றிய டயர்களை முன்சக்கரத்தில் மாட்டாமல் பின்சக்கரங்களுக்கே வைத்துக்கொள்வது நன்று. இரட்டைச் சக்கரங்களில் ஒன்று புதிதும் மற்றொன்று தேய்ந்ததுமாக இருத்தல் கூடாது. உயரமான டயரே பாரத்தை எல்லாம் சுமந்து விரைவில் கெடும்.

இரும்பு வளையமாகிய ரிம்மையும் மறத்தலாகாது. டயர் அமரும் விளிம்பில் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் வர்ணம் பூசி, உலரவிட்டுப் பின் பூட்டலாம். நட்டு அமரும் இடத்தில் மட்டும் வர்ணம் தடித்திருக்கக் கூடாது. அது நசுங்கினால் நட்டுத் தளரும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். போல்ட்டுத் துளையைச் சுற்றி விரிசல் கண்டால், அந்த ரிம்மை ஒட்டவைக்க முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளைத் தனியே சொல்ல வேண்டும். டயர் பூட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் செய்வது உயிருக்கு ஆபத்து. காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்தே. உள்ளே ரப்பர் சூடேறி வாயுவாகி வெடித்து ஆட்கள் மாண்டதுண்டு. லாக் ரிங் உள்ள லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது, அதை இரும்புக் கூண்டில் வைத்தே அடிக்க வேண்டும். எவரும் எதிரே நிற்றல் கூடாது. சரியாக அமராத வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

கணக்கில் காண்போம்

இனி பணத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு புது டயரின் விலை 18,000 ரூபாய் என்றும், அது 60,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 30 காசு ஆகிறது. ஆறு டயருக்கு 1 ரூபாய் 80 காசு. லாரி ஒரு கிலோமீட்டர் போகும்போதெல்லாம் டீசலுக்கு அப்பால் இந்தத் தொகையும் சாலையில் உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதைச் செலவென்று நாம் எண்ணுவதில்லை.

நல்ல உடலின்மேல் 6,000 ரூபாயில் புது ரப்பர் ஏற்றி அது 40,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 15 காசுதான், சரிபாதி மிச்சம். அதே 6,000 ரூபாயைப் பழுதுற்ற உடலின்மேல் செலவழித்து, 5,000 கிலோமீட்டரில் அது உரிந்துபோனால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. புது டயரைப்போல் நான்கு மடங்கு! சந்தையில் நேரும் நஷ்டம் இதில் சேரவில்லை. சிக்கனம் என்பது குறைந்த விலை கொடுப்பதன்று. நீண்ட நாள் உழைப்பதைப் பெறுவதாகும்.

லாரி மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுவதாயின், மாதந்தோறும் 4,500 ரூபாயைச் சக்கர நிதியென்று பெயரிட்டு, மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் செலுத்தி வரலாம். இருபத்து நான்கு மாதத்தில் 1,08,000 ரூபாய் சேரும். அதே இருபத்து நான்கு மாதத்தில் லாரி 60,000 கிலோமீட்டர் ஓடி முடித்திருக்கும். ஆறு புது டயர்களின் விலையும் 1,08,000 ரூபாயே. தேய்வும் சேமிப்பும் ஒரே நாளில் நிறைவெய்துவதைக் காண்க. ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் விலையையும் தன் வாகனத்தின் ஓட்டத்தையும் கொண்டு இக்கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம். டிராக்டருக்குக் கிலோமீட்டருக்குப் பதில் மணிக்கணக்கைக் கொள்ளலாம்.

"தேய்மானந்தான் எழுதுகிறோமே" என்று சிலர் கேட்பர். ஏட்டில் எழுதிய தேய்மானம், சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டும். அது டயர் வாங்கித் தராது. ஈடான பணம் தனியே இருந்தாலன்றி அது வெறும் மைதான். "காப்பு நிதி இருக்கிறதே" என்பர் வேறு சிலர். நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 விதிக்கிறது. அந்நிதி எதிர்பாராத நஷ்டங்களைத் தாங்குவதற்கானது. டயர் தேய்வதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? முதல் நாள் மாலை சூட்டியபோதே அது தேயத் தொடங்கிவிட்டது. அதற்கான பணத்தை ஒதுக்காமல் லாபமென்று பிரித்தளிக்கும் சங்கம், சக்கரத்தின் ரப்பரையே அங்கத்தினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

இதனுடன் ஒரு சக்கரப் பதிவேடும் வேண்டும். டயரின் எண், மாட்டிய தேதி, அன்று ஓடியிருந்த கிலோமீட்டர், எந்த இடம், மாதாந்தரப் பள்ள அளவு, ரப்பர் ஏற்றிய தேதி ஆகிய ஆறு பத்திகள் போதும். எழுதுவதற்கு மாதம் அரைமணி நேரம் ஆகும். ஓட்டுநரும் காரியதரிசியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அப்போது ஓட்டுநரின் சொல் தீர்மானப் புத்தகத்தில் மூன்று முறை தூங்காது. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள், வரவு செலவு அறிக்கையைக் கையில் வாங்கியதும் இந்தப் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அது கேட்பாரற்றுக் கிடந்தால், உழைத்து விளைவித்த பொருளை ஏற்றிச் செல்லும் வாகனமும் கேட்பாரற்றே நிற்கும்.

உமணர்கள் ஏட்டில் கணக்கெழுதினார்களோ இல்லையோ, புறப்படுமுன் வண்டியின் அடியில் அச்சைக் கட்டினார்கள். படித்த நாமும் அதைச் செய்வோமாக.